500, 502, வெள்ளைத் திரை: பிழையைச் சொல்வது யார்?

வலைத்தளம் திறக்கவில்லை என்று போன் வந்ததும், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் முதலில் செய்வது புரோகிராம் கோடைத் (code) திறப்பதுதான். நேற்று தொட்ட வரியை மாற்றுவார், ரிஃப்ரெஷ் அடிப்பார், சரியாகவில்லை என்றால் இன்னொரு வரியை மாற்றுவார். அரை மணி நேரம் போனால், முதலில் இருந்த கோளாறு எது, இவர் கைபட்டு வந்தது எது என்று பிரிக்க முடியாமல் போய்விடும். கோடைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: திரையில் தெரிகிற இந்தப் பிழைச் செய்தியை அனுப்பியது யார்?

ஒரு பக்கம் திரைக்கு வருவதற்குள் பல கை மாறுகிறது. உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட சர்வர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாசலில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர், அதற்குப் பின்னால் பக்கத்தைத் தயாரிக்கும் பிஎச்பி, அதற்கும் பின்னால் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ். ப்ரவுசர் கேட்பதை முதலில் வாங்குவது என்ஜின்எக்ஸ். கேட்டது படமோ சிஎஸ்எஸ் ஃபைலோ என்றால் அதுவே எடுத்துக் கொடுத்துவிடும். பிஎச்பி பக்கம் என்றால், பிஎச்பி-எஃப்பிஎம் என்ற தனி புரோகிராமிடம் தள்ளிவிட்டுக் காத்திருக்கும். பிஎச்பி தன் பங்குக்கு டேட்டாபேஸைக் கேட்டுக் காத்திருக்கும். பதில் வந்த வழியே திரும்பும். ஒவ்வொன்றும் தனி புரோகிராம். ஒவ்வொன்றுக்கும் தனி லாக் (நடந்ததை எழுதி வைக்கும் ஃபைல்), தனிக் கால வரம்பு. நோடில் எழுதினாலும் ஜாங்கோவில் எழுதினாலும் பெயர்கள்தான் மாறும், வரிசை ஏறக்குறைய இதுதான். பிஎச்பியை வைத்துப் பேசுவதற்குக் காரணம், குறைந்த விலை ஹோஸ்டிங்கில் எங்கும் கிடைப்பது அது. தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் ஓடுவதும் அதில்தான்.

பதிலோடு சர்வர் அனுப்பும் நிலை எண் 4-இல் தொடங்கினால் கேட்டவர் பக்கம் தவறு, 5-இல் தொடங்கினால் சர்வர் பக்கம் தவறு என்று எல்லாப் பாடத்திலும் இருக்கும். தப்பில்லை, ஆனால் வேலைக்கு அது போதாது. பக்கத்தின் தோற்றத்தைப் பாருங்கள். வெள்ளைத் திரையின் நடுவில் '502 பேட் கேட்வே' என்று பெரிய எழுத்து, கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே என்ஜின்எக்ஸ் என்ற பெயர் இருந்தால் பேசுவது என்ஜின்எக்ஸ். 404 வந்தாலும் உங்கள் தளத்தின் லோகோவும் மெனுவும் தெரிகின்றன என்றால் பேசுவது உங்கள் புரோகிராம். அதாவது என்ஜின்எக்ஸும் பிஎச்பியும் நன்றாகவே இருக்கின்றன. டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்கவில்லை என்று வேர்ட்பிரஸ் ஒற்றை வரியில் சொன்னால், அதைச் சொல்லும் அளவுக்குப் பிஎச்பி ஓடியிருக்கிறது என்று பொருள். இந்தத் தளத்தை அணுக முடியவில்லை என்று ப்ரவுசரே சொன்னால் கேள்வி சர்வரைத் தொடவே இல்லை. தளத்தின் பெயரை சர்வர் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ், ஃபயர்வால், போர்ட் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். பிஎச்பி கோடைத் திறப்பதில் ஒரு பயனும் இல்லை.

யார் என்று தெரிந்த பிறகு அவருடைய லாகுக்குப் போக வேண்டும். உபுண்டுவில் என்ஜின்எக்ஸின் எரர் லாக், வார் ஃபோல்டருக்குள் லாக், அதற்குள் என்ஜின்எக்ஸ் என்ற இடத்தில் இருக்கும். சிபேனல் என்ற நிர்வாகப் பக்கம் வைத்த ஹோஸ்டிங் என்றால் அதிலேயே எரர்ஸ் என்று ஒரு இடம் உண்டு. சில சமயம் உங்கள் ஃபோல்டருக்குள்ளேயே எரர் லாக் என்ற ஃபைல் வளர்ந்துகொண்டிருக்கும். லாகின் கடைசி வரிகளை ஓடவிட்டுக் காட்டும் டெயில் கமாண்டை ஒரு விண்டோவில் போட்டுவிட்டு, இன்னொரு விண்டோவில் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்யுங்கள். புதிதாக விழும் வரிதான் உங்கள் வரி. ரிஃப்ரெஷ் செய்தும் ஒன்றும் விழவில்லையா? அதுவும் ஒரு தகவல்தான். தவறான லாகைப் பார்க்கிறீர்கள், அல்லது உங்கள் கேள்வி வேறு எந்த சர்வருக்கோ போகிறது. டொமைனைப் புது சர்வருக்கு மாற்றிய அன்று இது அடிக்கடி நடக்கும்: பழைய சர்வர் பதில் கொடுத்துக்கொண்டிருக்கும், நாம் புது சர்வரில் கோடை மாற்றிக்கொண்டிருப்போம்.

இன்னொரு சின்ன விஷயம். பிஎச்பிக்கென்று தனி லாக் ஃபைல் குறித்துக் கொடுக்காவிட்டால், அதன் பிழைகள் என்ஜின்எக்ஸின் எரர் லாகுக்குள்தான் வந்து விழும். 'ஃபாஸ்ட்சிஜிஐ' என்று தொடங்கி, நடுவில் 'பிஎச்பி மெசேஜ்' என்று வரும். லாகில் எழுதியது என்ஜின்எக்ஸ், குற்றம் பிஎச்பியுடையது. வரியை முழுதாகப் படிக்காமல் என்ஜின்எக்ஸ் அமைப்புகளைக் குடைபவர்கள் உண்டு.

அடுத்து வெள்ளைத் திரை. பக்கம் காலி; எழுத்தே இல்லை. புதியவர்களை மிகவும் மிரட்டுவது இது, ஆனால் காரணம் சாதாரணமானது. பிழையைப் பார்வையாளருக்குக் காட்டாதே என்று சர்வரில் சொல்லிவைத்திருக்கிறார்கள், பிஎச்பி வழியில் செத்துவிட்டது. அவ்வளவுதான். டிஸ்பிளே எரர்ஸ் என்ற அமைப்பு நேரடித் தளத்தில் அணைந்திருப்பதுதான் முறை. இல்லாவிட்டால் ஃபைல் பாதையும் சில சமயம் இன்னும் மோசமான விவரங்களும் ஊருக்கே தெரியும். பலர் அந்த ஃபைலின் முதல் வரியிலேயே பிழையைக் காட்டு என்று ஒரு கட்டளையைச் சேர்த்துப் பார்ப்பார்கள். சேர்த்தும் திரை வெள்ளையாகவே இருந்தால், அதே ஃபைலில் இலக்கணப் பிழை இருக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். எங்கோ ஒரு அடைப்புக்குறியோ அரைப்புள்ளியோ விட்டுப்போயிருக்கும். பிஎச்பி ஒரு ஃபைலை முழுக்கப் படித்துப் புரிந்துகொண்ட பிறகே ஓட்டத் தொடங்கும். படிப்பதிலேயே தடுக்கிவிட்டால் நீங்கள் முதல் வரியில் எழுதிய கட்டளையும் ஓடாது. லாகைப் பாருங்கள், ஃபைல் பெயரும் வரி எண்ணும் இருக்கும். வரி எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். விட்டுப்போன அரைப்புள்ளி பெரும்பாலும் அதற்கு முந்தைய வரியில் இருக்கும். வேர்ட்பிரஸ் 2019-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து வெள்ளைத் திரைக்குப் பதிலாகக் கோளாறு என்று ஒரு வாக்கியம் காட்டுகிறது. மரியாதையான வாக்கியம், ஆனால் தகவல் ஒன்றும் கிடையாது. அங்கேயும் லாக்தான் கதி.

அதே லாகில் அடிக்கடி பார்க்கும் இன்னொரு வரி, 134217728 பைட் மெமரி தீர்ந்துவிட்டது என்பது. இந்த எண் 128 எம்பி, பிஎச்பியின் வழக்கமான வரம்பு. இணையத்தில் தேடினால் வரம்பை 512 ஆக்கு என்று முதல் பதிலே சொல்லும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு சாதாரணப் பக்கத்துக்கு 128 எம்பி தாராளம். அது தீர்கிறது என்றால், எங்கோ ஒரு டேபிளின் எல்லா வரிகளையும் வரம்பு போடாமல் மொத்தமாக இழுத்து ஒரே அரேயில் கொட்டுகிறார்கள். டேபிளில் ஐந்நூறு வரி இருந்தபோது தெரியவில்லை, ஐந்து லட்சம் ஆனதும் தெரிகிறது. வரம்பை ஏற்றினால் பிரச்சினை சில மாதம் தள்ளிப்போகும், அவ்வளவே.

502 வேறு வகை. என்ஜின்எக்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ச்மேன் மாதிரி: உள்ளே இன்டர்காமில் கூப்பிட்டுப் பார்த்தேன், சரியான பதில் வரவில்லை என்று அவரால் சொல்ல முடியும், உள்ளே என்ன ஆயிற்று என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் கூப்பிட்டபோது என்ன நடந்தது என்பதை லாகில் எழுதி வைப்பார், அதில் ஒரு எண் இருக்கும். அந்த எண் முக்கியம். 2 என்றால், கூப்பிடச் சொன்ன சாக்கெட் ஃபைலே (இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் இடம்) அங்கே இல்லை. 13 என்றால், ஃபைல் இருக்கிறது, தொட அனுமதி இல்லை. 111 என்றால், இடம் சரி, ஆனால் அங்கே கேட்பதற்கு யாரும் உட்காரவில்லை.

2 வருவதற்கு நல்ல உதாரணம் உபுண்டு அப்கிரேடு. 20.04-இல் வரும் பிஎச்பி 7.4, 22.04-இல் வருவது 8.1. சாக்கெட் ஃபைலின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும். அப்கிரேடு முடிந்ததும் பிஎச்பி புதுப் பெயரில் சாக்கெட் திறந்து உட்கார்ந்திருக்கும். என்ஜின்எக்ஸின் அமைப்பு ஃபைலில் மட்டும் 7.4 என்றே இருக்கும். லாக் வரியில் அந்தப் பழைய பெயர் அப்படியே தெரியும். எண்ணை மாற்றி, என்ஜின்எக்ஸை ரீலோடு செய்தால் முடிந்தது. சரி, பதிப்பு மாறியதால் கோடில் வேறு பிழைகள் கிளம்பலாம், அது அடுத்த கட்டம். பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்கள் பிஎச்பி 7.0-லேயே நீக்கப்பட்டுவிட்டன, காலி மதிப்பைக் கவுன்ட் செய்தால் முன்பு எச்சரிக்கையோடு விட்டது, 8-இல் செத்துவிடும். ஆனால் இப்போது செத்தால் புரோகிராமின் பிழையான 500 வரும், 502 வராது. பேசுகிற ஆள் மாறிவிட்டார் என்றால் ஒரு படி முன்னேறியிருக்கிறீர்கள்.

சில 502 வந்து வந்து போகும். காலையில் நன்றாக இருக்கும், கூட்டம் வரும் நேரத்தில் வரும். அப்போது எஃப்பிஎம் லாகில், சில்ட்ரன் எண்ணிக்கை வரம்பை எட்டிவிட்டது என்ற எச்சரிக்கையைத் தேடுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி வேலையாட்கள் ஓடலாம் என்பது அது. வழக்கமான மதிப்பு வெறும் 5. ஏற்றலாம், ஆனால் ஒவ்வொரு வேலையாளும் எவ்வளவு மெமரி தின்கிறார் என்று பார்த்து ஏற்ற வேண்டும். 1 ஜிபி மெமரி உள்ள சர்வரில் ஐம்பது என்று போட்டால், மெமரி தீர்ந்து லினக்ஸ் யாரையாவது கொல்லத் தொடங்கும். பெரும்பாலும் அதிக மெமரி வைத்திருக்கும் மைஎஸ்கியூஎல்தான் பலியாகும். பிஎச்பி அமைப்பை மாற்றினேன், டேட்டாபேஸ் செத்துவிட்டது என்று குழம்புவது இப்படித்தான். கர்னல் லாகில் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரி சாட்சி சொல்லும்.

504 என்றால் பின்னாலிருப்பவர் உயிரோடுதான் இருக்கிறார், ஆனால் நேரத்துக்குள் பதில் தரவில்லை. என்ஜின்எக்ஸ் காத்திருப்பது வழக்கமாக 60 விநாடி. இங்கே ஒரு குழப்பம் வரும். பிஎச்பி ஸ்கிரிப்டுக்கு 30 விநாடிதானே வரம்பு, அது எப்படி 60 வரை ஓடியது? லினக்ஸில் அந்த 30 விநாடிக் கணக்கில் பிஎச்பி தானே வேலை செய்த நேரம் மட்டும்தான் சேரும். டேட்டாபேஸ் பதிலுக்காக, வெளி சர்வர் ஒன்றின் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் கணக்கில் வராது. எனவே 504 வந்தால் பிஎச்பியை விட்டுவிட்டு அது யாருக்காகக் காத்திருந்தது என்று பாருங்கள்.

பெரும்பாலும் இரண்டில் ஒன்று. இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) இல்லாத குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, முதலாவது. மைஎஸ்கியூஎலில் புராசஸ் லிஸ்ட்டைப் பார்த்தால் அந்த நிமிடத்தில் ஓடும் குவெரிகளும், எத்தனை விநாடியாக ஓடுகின்றன என்பதும் தெரியும். இரண்டாவது, வெளி ஏபிஐ, அதாவது நம் கோடு கூப்பிடும் வேறொருவரின் சேவை. ஓடிபி அனுப்பும் எஸ்எம்எஸ் சேவை மெதுவாகிவிட்டது, நம் தளமும் அதோடு சேர்ந்து நின்றுவிட்டது. வெளி சர்வரைக் கூப்பிடும் பிஎச்பியின் கர்ல், நீங்கள் வரம்பு சொல்லாவிட்டால் பதிலுக்காக எவ்வளவு நேரமும் காத்திருக்கும். வெளியே போகும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஐந்து, பத்து விநாடி என்று ஒரு வரம்பு போடாமல் கோடை அனுப்பக் கூடாது. இன்னொன்று: திரையில் 504 வந்ததால் வேலை நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பிஎச்பி பின்னால் ஓடிக்கொண்டே இருந்திருக்கலாம். பயனர் மறுபடி பட்டனை அழுத்துவார், ஆர்டர் இரண்டு முறை பதிவாகும்.

ஃபைல் அப்லோடு பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்று வாசல், மூன்று அளவு. என்ஜின்எக்ஸ் வழக்கமாக 1 எம்பிக்கு மேல் விடாது, 413 கொடுக்கும். பிஎச்பி ஒரு ஃபைலுக்கு 2 எம்பி வரை, ஃபார்ம் மொத்தத்துக்கு 8 எம்பி வரை ஏற்கும். கடைசி வரம்பைத் தாண்டினால் நடப்பதுதான் விசித்திரம்: ஃபார்மில் நிரப்பிய பெயர், முகவரி உட்பட எல்லாமே காலியாக வந்து சேரும். பெயரைக் கொடுக்கவில்லை என்று உங்கள் புரோகிராம் பயனரைத் திட்டும், அவர் கொடுத்திருப்பார்.

ஹெடர்கள் (பக்கத்துக்கு முன்னால் போகும் தகவல் வரிகள்) ஏற்கெனவே போய்விட்டன என்ற பிழை பிஎச்பியில் அடிக்கடி வரும். குக்கி, ரீடைரக்ட் எல்லாம் பக்கத்தின் உள்ளடக்கத்துக்கு முன்னால் போக வேண்டியவை. ஒரே ஒரு இடைவெளி முன்னால் போய்விட்டாலும் கதவு மூடிவிடும். செய்தியிலேயே எந்த ஃபைலின் எந்த வரியில் வெளியீடு தொடங்கியது என்று எழுதியிருக்கும். திருத்த வேண்டியது அந்த இடத்தைத்தான். அது முதல் வரியைக் காட்டி, அங்கே ஒன்றுமே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், ஃபைலின் தலையில் பிஓஎம் என்ற 3 பைட் ஒளிந்திருக்கிறது. பழைய விண்டோஸ் நோட்பேடில் யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டாக எழுதும் முறை) என்று சேமித்தால் அது தானாக ஒட்டிக்கொள்ளும். எடிட்டரில் பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8 என்று சேமித்தால் தீர்ந்தது. சொந்தக் கம்ப்யூட்டரில் இது வராமல் சர்வரில் மட்டும் வருவதற்கும் காரணம் உண்டு: எக்ஸாம்ப் போன்றவற்றில் முதல் 4096 பைட்டைப் பிடித்து வைக்கும் பஃபர் போட்டிருக்கும், அது தவறை மூடி மறைத்துவிடும்.

இனி தமிழ்த் தளம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் சந்திக்கும் சங்கதி. தமிழில் சேமித்தேன், கேள்விக்குறியாக வருகிறது. அல்லது ஏதோ ஐரோப்பிய எழுத்துகளாக வருகிறது. இரண்டும் ஒரே நோய் மாதிரி தெரியும், ஆனால் வேறு வேறு.

யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். 'தமிழ்' என்பதில் த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று 5 குறிகள். ஆக 15 பைட். அந்த 15 பைட்டைப் பழைய லத்தீன் முறையில் படித்தால் ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகிவிடும். தமிழின் பைட்டுகள் ஒரே மாதிரி தொடங்குவதால், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் குறியும் திரும்பத் திரும்ப வரும். அந்த உருவத்தைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படிக்கும் முறைதான் தப்பு. அதே சொல் ஐந்து கேள்விக்குறியாக வந்தால் நிலைமை வேறு. ஒவ்வொரு குறியையும் லத்தீனுக்கு மாற்றப் பார்த்து, முடியாமல், ஆளுக்கொரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். எங்கே போட்டார்கள் என்பதுதான் கேள்வி. சேமிக்கும்போது போட்டிருந்தால் தமிழ் போயே போய்விட்டது. எடுக்கும்போது போட்டிருந்தால் டேட்டாபேஸில் தமிழ் நன்றாகவே இருக்கிறது.

கண்ணால் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது, ஏனென்றால் நீங்கள் பார்க்கும் கருவியும் எழுத்தை மாற்றித்தான் காட்டும். டேட்டாபேஸுக்குள்ளேயே, பைட்டுகளை அப்படியே குறியாகக் காட்டும் ஹெக்ஸ் ஃபங்ஷனைப் போட்டுப் பாருங்கள். த என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இ0 ஏஇ ஏ4 (E0 AE A4) என்று வந்தால் சேமித்தது சரி, எடுக்கும் இணைப்பைச் சரிசெய்தால் போதும். 3எஃப் (3F) என்று வந்தால் அது கேள்விக்குறியேதான், பேக்கப்பைத் தேடுங்கள். சி3 ஏ0 சி2 ஏஇ சி2 ஏ4 (C3 A0 C2 AE C2 A4) என்று நீண்டு வந்தால் இரண்டு முறை மாற்றப்பட்டிருக்கிறது: இணைப்பு லத்தீன் என்று சொல்லிக்கொண்டு யூடிஎஃப்-8 பைட்டுகளை அனுப்பியது, டேபிள் அதை நம்பி மறுபடி யூடிஎஃப்-8 ஆக்கியது. மூன்றாவது வகை தந்திரமானது. அதே தப்பான இணைப்பில் எடுத்தால் தளத்தில் தமிழ் ஒழுங்காகவே தெரியும். வருடக்கணக்கில் ஓடும். ஒருநாள் யாராவது இணைப்பைச் சரியாக அமைத்ததும் பழைய பதிவெல்லாம் குப்பையாகத் தெரியும், பழி அவர் தலையில் விழும். மீட்க முடியும், ஆனால் டேட்டாபேஸின் நகல் ஒன்றில் செய்து பார்த்துவிட்டு அப்புறம் அசலில் கை வையுங்கள்.

இவ்வளவுக்கும் காரணம், மைஎஸ்கியூஎல் நெடுங்காலம் லத்தீனையே வழக்கமான எழுத்துமுறையாக வைத்திருந்தது. 2018-இல் வந்த 8.0-இல்தான் யூடிஎஃப்8எம்பி4 வழக்கமானது. அதற்கு முன்பிருந்த யூடிஎஃப்8 என்ற பெயர் 3 பைட் வரைதான் தாங்கும். தமிழுக்குப் போதும், 4 பைட் எமோஜிக்குப் போதாது. தமிழ்ப் பின்னூட்டம் சேமிக்கிறது, சிரிக்கும் முகம் போட்டால் பிழை வருகிறது என்றால் காரணம் அதுதான். டேபிள், இணைப்பு இரண்டுக்கும் யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்லிவிடுங்கள். டேபிளை மட்டும் மாற்றிவிட்டு இணைப்பை மறப்பதே வழக்கமான தவறு.

டேட்டாபேஸ் சரியாக இருந்தும் தமிழ் உடையலாம். செய்தியின் முதல் நூறு எழுத்தை முன்னோட்டமாகக் காட்ட சப்ஸ்டர் என்ற வெட்டும் ஃபங்ஷனைப் போடுவார்கள். அது எண்ணுவது பைட்டை. 'தமிழ்' என்பதை 10 பைட்டில் வெட்டினால் நான்காவது குறியின் ஒரு பைட் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் காட்டினால் ஒரு கறுப்பு வைரக் குறி தெரியும், அதோடு போகும். ஜேசானாக (புரோகிராம்கள் தகவல் பரிமாறும் வடிவம்) அனுப்பினால் கதை வேறு: உடைந்த யூடிஎஃப்-8-ஐ ஜேசான் எழுதும் ஃபங்ஷன் ஏற்காது, பொய் என்ற மதிப்பைத் திருப்பும், அதை அச்சடித்தால் ஒன்றுமே வராது. 200, பதில் காலி, லாகில் ஒரு வரி இல்லை. ஆங்கிலச் செய்திகளுக்கு எல்லாம் சரியாக வரும், தமிழ்ச் செய்திகளில் சிலவற்றுக்கு மட்டும் வராது. சோதித்தவர் ஆங்கிலத்தில் சோதித்திருப்பார். எம்பி சப்ஸ்டருக்கு மாறினால் பைட் உடையாது. ஆனாலும் முதல் 4 குறி கேட்டால் புள்ளி விழுந்து 'தமிழ' என்று நிற்கும். முழு எழுத்தாக வெட்ட, இன்ட்ல் எக்ஸ்டென்ஷனில் உள்ள கிராஃபீம் சப்ஸ்டர் வேண்டும். அதன் கணக்கில் 'தமிழ்' மூன்று எழுத்து, நம் கணக்கும் அதுதான்.

என் கம்ப்யூட்டரில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை என்பது தனிப் பிழையல்ல. இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடுங்கள் என்று அர்த்தம். விண்டோஸில் ஃபைல் பெயரின் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஒன்றே. லினக்ஸில் இரண்டும் வேறு ஃபைல். பிஎச்பி பதிப்பு வேறாக இருக்கும். அனுமதிகள் வேறாக இருக்கும்: உபுண்டுவில் 21.04 முதல் பயனரின் ஹோம் ஃபோல்டர் 750 அனுமதியோடு வருகிறது, அதற்குள் தளத்தை வைத்தால் என்ஜின்எக்ஸால் உள்ளே நுழையவே முடியாது. அனுமதிப் பிரச்சினை என்றதும் 777 போடு என்று யாராவது சொல்வார்கள். போடாதீர்கள். அந்த சர்வரில் இருக்கும் எல்லாரும் உங்கள் ஃபைலில் எழுதலாம் என்று அனுமதி கொடுக்கிறீர்கள். ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644, எழுத வேண்டிய அப்லோடு ஃபோல்டருக்கு மட்டும் சரியான உரிமையாளர். இதற்கு மேல் தேவைப்படும் தளம் அரிது.

லாகின் செய்தாலும் மறுபடி லாகின் பக்கமே வருகிறது என்றால், பாஸ்வேர்டு சரிபார்க்கும் கோடைத் தோண்டுவதற்கு முன் டிஸ்க்கைப் பாருங்கள். நீங்கள் யார் என்று நினைவில் வைக்கும் செஷன் ஃபைல் எழுத இடமில்லாவிட்டால் சர்வர் உங்களை உடனே மறந்துவிடும். இடம் இருக்கிறது என்று காட்டினாலும் ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்கில் வேண்டிய பதிவு) தீர்ந்திருக்கலாம். லட்சக்கணக்கில் குட்டி ஃபைல்கள் குவிந்தால் அப்படி ஆகும். கேள்விகளைப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சருக்குப் பின்னால் இரண்டு சர்வர் இருந்து, செஷன் ஃபைல் ஒன்றில் மட்டும் இருந்தால், ஒரு கிளிக்கில் உள்ளே இருப்பீர்கள், அடுத்த கிளிக்கில் வெளியே. இரவு 12-க்கு மேல் அதிகாலை 5:30 வரை அறிக்கையில் நேற்றைய தேதி வருகிறதா? சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் ஐந்தரை மணி நேரம் முன்னால்.

கார்ஸ் பிழை (வேறு தளத்திலிருந்து கேட்க அனுமதி ஹெடர் இல்லை) என்று ப்ரவுசர் சொன்னால் அதை உடனே நம்ப வேண்டாம். என்ஜின்எக்ஸில் ஹெடர் சேர்க்கச் சொல்லியிருந்தாலும், 'ஆல்வேஸ்' என்று கூடச் சொல்லாவிட்டால் 500 போன்ற பிழைப் பதில்களில் அதைச் சேர்க்காது. உங்கள் கோடு செத்து 500 வந்திருக்கும். ப்ரவுசர் ஹெடர் இல்லை என்று மட்டும் புகார் சொல்லும். அதே முகவரியைக் கர்ல் கமாண்டில் கேட்டுப் பாருங்கள், உண்மையான எண் தெரியும்.

கோளாறு தீர்ந்த பிறகு கொஞ்சம் சுத்தம் செய்யும் வேலை இருக்கிறது. டிஸ்பிளே எரர்ஸைத் திறந்திருந்தால் அணையுங்கள். சர்வர் விவரம் பார்க்கப் பிஎச்பி இன்ஃபோ என்று ஒரு ஃபைல் போட்டிருப்பீர்கள், அதை நீக்குங்கள். அந்தப் பெயரைத் தேடி எல்லா சர்வரையும் தட்டும் தானியங்கி புரோகிராம்கள் (போட்டுகள்) உண்டு, உங்கள் ஆக்சஸ் லாகிலேயே அவை தெரியும். சோதனைக்காக ஏற்றிய மெமரி வரம்பை இறக்குங்கள். ஃபைலைத் திருத்தியும் பழைய பிழையே வருகிறது என்றால், பிஎச்பி கோடை மெமரியில் வைத்திருக்கும் ஆப்கேஷ், ஃபைல் மாறிய நேரத்தைப் பார்க்காதபடி அமைக்கப்பட்டிருக்கும். எஃப்பிஎம்மை ரீலோடு செய்துவிட்டு, லாகில் புதிதாக எதுவும் விழவில்லை என்று ஒரு முறை பார்த்துவிட்டு, போன் செய்தவருக்குத் திருப்பிக் கூப்பிடலாம்.